மலைமேல் ஒரு மைக்ரோ பயிற்சி மேசை: நியூரோசர்ஜரிக்குக் கையைப் பழக்குவது எப்படி?

உதகைப்பனி (ஊட்டி)

வணக்கம். எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி கடைசி வருடத்தில் இருக்கும் மூன்று பேர் சேர்ந்து ஊட்டியில் ஒரு அறை பிடித்திருக்கிறோம். அடுத்து எம்.சி.எச். நியூரோசர்ஜரி (மூளை, நரம்பு அறுவை) மேற்படிப்புக்குப் போகும் எண்ணம். அதற்குள் மைக்ரோஸ்கோப்பின் கீழ் கை ஓரளவு பழகியிருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கோவைக்கு இறங்கி ஏறுவது டியூட்டியோடு ஒத்துவராது.

எந்த மைக்ரோஸ்கோப் போதும்? எதில் ஆரம்பிப்பது? விர்ச்சுவல் ரியாலிட்டி சிமுலேட்டர் இல்லாமல் இதெல்லாம் பிரயோசனப்படுமா? அறை ஒரு பழைய பங்களாவின் மாடியில் இருக்கிறது, மரத்தளம். குளிர் அதிகம், மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஈரம். அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

கேத்திச்சாரல் (குன்னூர், நியூரோசர்ஜன்)

முதலில் அறையை மாற்றுங்கள் தம்பி. மரத்தளம் ஆகவே ஆகாது. 20 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது பக்கத்து அறையில் ஒருவர் நடந்தாலே ஊசி பார்வையை விட்டு ஓடிவிடும். தரைத்தளத்தில் சிமென்ட் தரையுள்ள மூலையாகப் பாருங்கள். கனமான மேசை, அதன்மேல் ஒரு கடப்பைக்கல், கல்லுக்கு அடியில் நாலு மூலையிலும் ரப்பர் துண்டு. மேசை சுவரைத் தொடாமல் இருக்கட்டும், கதவு அடித்தால் அந்த அதிர்வும் வந்து சேரும்.

மைக்ரோஸ்கோப்புக்கு லட்சக்கணக்கில் செலவு வேண்டாம். மொபைல் சர்வீஸ் கடையில் வைத்திருக்கிறார்களே, 7 முதல் 45 மடங்கு வரை ஜூம் ஆகும் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப், அது போதும். ஆனால் அதில் லென்சுக்கும் பொருளுக்கும் நடுவே சுமார் 10 செ.மீ.தான் இடம். 15 செ.மீ. நீளமுள்ள மைக்ரோ ஃபோர்செப்ஸ் அதற்குள் நிமிராது, லென்சில் இடிக்கும். அடியில் 0.5 எண்ணுள்ள துணை லென்ஸ் ஒன்றைத் திருகி மாட்டினால் இடைவெளி 16–18 செ.மீ. ஆகும். பெருக்கம் பாதியாகி 3.5 முதல் 22 மடங்கு கிடைக்கும். 10-0 நூலுக்கு (தையல் நூலின் அளவு, முன்னெண் கூடக்கூட நூல் மெலியும்) அது தாராளம். ஸ்டாண்ட் மட்டும் நீளக் கை வைத்ததாக வாங்குங்கள். அடித்தட்டோடு வரும் ஸ்டாண்டில் கையை ஊன்ற இடம் இருக்காது.

கண்ணை அட்ஜஸ்ட் செய்யாமல் யாரும் ஊசியைத் தொடக் கூடாது. இரண்டு வட்டமும் ஒன்றாகும் வரை ஐபீஸ்களின் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். ஜூமை முழுக்கக் கூட்டி ஃபோகஸ் பண்ணுங்கள். பிறகு ஜூமை முழுக்கக் குறைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடி, ஐபீஸ் வளையத்தைத் திருப்பிக் கூர்மையாக்குங்கள். இதை இரண்டு முறை செய்தால், ஜூம் எங்கே இருந்தாலும் ஃபோகஸ் நகராது. தலைவலி, ஆழம் தெரியவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரு வேலையைத் தவிர்ப்பதால் வருவது.

கை நடுக்கம் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். நொடிக்கு 8 முதல் 12 தடவை வரும் இயல்பான நடுக்கம் எல்லோருக்கும் உண்டு, அதை ஒழிக்க முடியாது. முழங்கை தொடங்கிச் சுண்டுவிரல் ஓரம் வரை மேசையில் பதிந்திருந்தால் அது கருவியின் நுனிக்குப் போய்ச் சேருவது வெகுவாகக் குறையும். மடித்த துண்டை மணிக்கட்டுக்குக் கீழே வைத்து உயரத்தைச் சரிசெய்யுங்கள். அசைவு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலிருந்து மட்டும் வர வேண்டும். தோள் தூக்கியிருந்தால் நாற்காலி தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம். ஊட்டிக் குளிரில் விறைத்த விரலோடு உட்காராதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து எடுத்த பிறகு தொடங்குங்கள்.

கருவிகள்: 3-ஆம் எண், 5-ஆம் எண் ஜுவல்லர் ஃபோர்செப்ஸ், நேராக ஒன்றும் வளைந்ததாக ஒன்றும் மைக்ரோ கத்தரி, லாக் இல்லாத நீடில் ஹோல்டர். லாக் உள்ளதை வாங்கினால், விடுவிக்கும்போது வரும் சின்ன உதறலே திசுவைக் கிழித்துவிடும்.

கொடைவாசி (கொடைக்கானல், பயோமெடிக்கல் இன்ஜினியர்)

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மலையில் மைக்ரோஸ்கோப்பைக் கொல்வது பூஞ்சை. உங்கள் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அக்டோபர், நவம்பர். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் லென்சின் கோட்டிங்கில் நூல் நூலாகப் படரும். முதலில் காட்சி மங்கல்தான் தெரியும், வெளிச்சம் குறைவு என்று நினைத்து பல்பை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பிறகு துடைத்தாலும் போகாது, பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடியையே அரித்திருக்கும்.

காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே அரைக்கிலோ சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு ஹைக்ரோமீட்டர். 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். 30-க்குக் கீழே போனால் கிரீஸ் காயும், ரப்பர் வெடிக்கும். நீல ஜெல் ரோஸ் ஆனதும், ஆரஞ்சு ஜெல் பச்சை ஆனதும், ஓவனில் 110–120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உயிர் பெறும். தோல் உறையிலும் துணி உறையிலும் மூடி வைக்காதீர்கள், அவை ஈரத்தைப் பிடித்து வைத்து லென்சுக்கு ஊட்டும்.

குளிர்ந்த அறையிலிருந்து ஹீட்டர் ஓடும் அறைக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்கப் பனி படியும். பையிலேயே அரைமணி நேரம் விட்டு, அறையின் சூட்டுக்கு வந்ததும் திறவுங்கள். ஹீட்டரின் காற்று மேசைமீது நேராக அடிக்கக் கூடாது: தைத்துப் பழக எடுக்கும் கோழி இறக்கையின் ரத்தநாளம் நிமிடங்களில் காய்ந்து சருகாகும். எல்.இ.டி. விளக்கைச் சின்ன யு.பி.எஸ்.ஸில் போடுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போவதைச் சொல்லவே வேண்டாம்.

உதகைப்பனி (ஊட்டி)

நன்றி சார். கீழ்த்தளத்தில் பாத்திரம் கழுவும் அறை ஒன்று இருக்கிறது, சிமென்ட் தரை. அதைக் கேட்டுப் பார்க்கிறோம். நேராகக் கோழி இறக்கைக்கே போகலாமா, அதற்கு முன் ஏதாவது வேண்டுமா?

கேத்திச்சாரல் (குன்னூர், நியூரோசர்ஜன்)

முன்னால் கையுறை. லேடெக்ஸ் கையுறையை வெட்டி ஒரு சின்னச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிளேடால் ஒரு கீறல் போட்டு, 8-0 நைலானில் தையுங்கள். ஊசியை ஒரே கோணத்தில் இறக்குவதற்கும், முடிச்சுப் போடும்போது நூலைத் தொலைக்காமல் இருப்பதற்கும் இதைவிட மலிவான ஆசான் கிடையாது. பிறகு 9-0, அதன் பின் 10-0. நூலின் தடிமன் 8-0-வில் 0.04 மி.மீ.யில் தொடங்குகிறது, 10-0-வில் 0.02 முதல் 0.029 மி.மீ. வரை. இந்த இறக்கத்தில் பலருக்கும் உடைவது பொறுமை.

ஊசியை அதன் நடுவுக்குச் சற்றுப் பின்னால் பிடியுங்கள். நுனிப்பக்கம் பிடித்தால் குத்துவதற்கு நீளம் இருக்காது, வால்பக்கம் பிடித்தால் வளையும். கையுறை முடிந்ததும் 1 மி.மீ. சிலிகான் குழாய். அது உண்மையான நாளத்தைவிட விறைப்பு, அதனால் சுவரைக் கிள்ளிப் பிடிக்கும் கெட்ட பழக்கம் வந்துவிடும். அதிகம் தங்காதீர்கள்.

இனி கோழி இறக்கை. தோள்மூட்டோடு முழுசாக வேண்டும். மேல் துண்டின் உட்புறம், தோலை நீளவாக்கில் கீறிப் புரட்டினால், முன்தசைக்கும் பின்தசைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் வெள்ளை நாடாவாக நரம்பும், அதை ஒட்டிக் கருநீலமாகச் சிரையும், பக்கத்தில் வெளிறிய பிரேக்கியல் தமனியும் ஓடும். அங்கே விட்டம் 1 மி.மீ. அல்லது சற்றுக் கூட. நடுத்துண்டுக்கு இறங்கினால் 1-க்குக் கீழே. நாளத்தைப் பிரித்தெடுப்பதே பாதிப் பயிற்சி: கிளைகளைக் கத்தரிக்காமல் ஒவ்வொன்றாகக் கட்டி, சுற்றியுள்ள தளர்ந்த திசுவைக் கூர்மையாக வெட்டி எடுங்கள். இழுத்துப் பிய்த்தால் கிளை தாய்நாளத்தோடு கிழியும்.

இரண்டு பக்கமும் ஆக்லண்ட் கிளிப் (நாளத்தை அடைத்துப் பிடிக்கும் சின்னக் கவ்வி). நாளத்தை ஒரே வெட்டில் துண்டியுங்கள், இரண்டு வெட்டானால் விளிம்பில் படி விழும். முனையில் தொங்கும் அட்வென்டிஷியாவை (நாளத்தின் வெளியுறை) முன்னுக்கு இழுத்து வெட்டுங்கள், அது அப்படியே பின்னுக்குச் சுருங்கிக்கொள்ளும். விடப்பட்ட ஒரு இழை உள்ளே மடிந்தால் உயிருள்ள நாளத்தில் அங்கேதான் ரத்தம் உறையத் தொடங்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த சலைனால் உள்துளையைக் கழுவும் பழக்கத்தை இப்போதே கொண்டுவாருங்கள், கோழியில் அதற்கு அவசியம் இல்லாவிட்டாலும்.

விளிம்பிலிருந்து ஊசி நுழையும் தூரம் சுவர்த் தடிமனைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு, இரு பக்கமும் சமம். முதல் இரண்டு தையலை 120 டிகிரி இடைவெளியில் போட்டால் பின்சுவர் தானாகத் தொய்ந்து விலகும். 180-இல் போட்டால் முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக்கொண்டு நிற்கும், பின்சுவரைச் சேர்த்துத் தைக்கும் விபத்து அதிலிருந்துதான் வரும். 1 மி.மீ. நாளத்துக்கு மொத்தம் 8 தையல் போதும். முடிச்சின் முதல் சுற்று இரட்டை, அடுத்து ஒவ்வொன்றாக இரண்டு. ஃபோர்செப்ஸால் சுவரைக் கிள்ளவே கூடாது: உள்ளே நுழைத்து லேசாகத் திறந்து முட்டுக்கொடுங்கள், அல்லது வெளிப்புற அட்வென்டிஷியாவை மட்டும் பிடியுங்கள். இன்டிமாவில் (நாளத்தின் உள்ளுறை) பட்ட ஒவ்வொரு கிள்ளலும் ஒரு காயம்.

மரக்காணி (கோத்தகிரி, அறுவை அரங்கு டெக்னீஷியன்)

கறிக்கடையில இறக்கையை உரிச்சுத்தான் தருவாங்க, தோலோட சேர்த்து நாளமும் போயிரும். "தோலோட, தோள்மூட்டோட, வெட்டாம" ன்னு முதல்லயே சொல்லி வையுங்க. காலையில அறுத்தது நல்லது. ஃப்ரிட்ஜ்ல 4 டிகிரியில வெச்சு ரெண்டு நாளுக்குள்ள பயன்படுத்துங்க. ஃப்ரீசர்ல வெச்சு எடுத்ததும் தைக்கலாம், ஆனா சுவர் லூசாயிரும்.

கசிவு பார்க்க இப்படிச் செய்யலாம். 24 ஜி மஞ்சள் ஐ.வி. கானுலாவை மேல் முனையில நுழைச்சு 5-0 பட்டுநூலால கட்டுங்க. நாளம் பெரிசா இருந்தா 22 ஜி நீலம். சலைன் பாட்டில்ல கொஞ்சம் சிவப்பு ஃபுட் கலர், சாதாரண ஐ.வி. செட். பாட்டில்ல இருக்கிற தண்ணி மட்டத்திலிருந்து நாளம் வரைக்கும் 136 செ.மீ. உயரம் இருந்தா 100 மி.மீ. மெர்க்குரி அழுத்தம். கீழ்முனை கிளிப் போட்டு மூடியிருந்தாத்தான் அந்தக் கணக்கு. திறந்து ஓட விட்டா அழுத்தம் இறங்கிரும், கசியலைன்னு தப்பாத் தோணும். டியூப்ல காத்துக் குமிழி இல்லாம முதல்ல ஓட விடுங்க.

கழிவு விஷயத்துல கண்டிப்பா இருக்கணும். நம்ம ஊர்ல கோழிக்கழிவை வெளியில போட்டா நாயோட நிக்காது, கரடியும் காட்டுப்பன்னியும் மோப்பம் பிடிச்சு வரும். அப்புறம் அந்தத் தெருவே அவஸ்தைப்படும். மருத்துவமனையோட சேர்ந்த அறைன்னா திசு மஞ்சள் பையில, ஊசி குத்துப்படாத வெள்ளை டப்பாவுல. 10-0 ஊசி கண்ணுக்கே தெரியாது. மேசையில ஒரு காந்தத் தகடு வெச்சு, எடுத்த ஊசியையும் திரும்பி வந்த ஊசியையும் எண்ணிட்டு எழுந்திருங்க.

இறக்கக்காற்று (மேட்டுப்பாளையம், நியூரோசர்ஜன்)

எல்லோரும் நாளத்தையே பேசுகிறீர்கள். எனக்கு இதில் மாற்றுக் கருத்து. மலையில் வேலை பார்க்கப் போகிற ஒரு சர்ஜனுக்கு முதலில் வேண்டியது எலும்பைத் திறக்கும் கை. கொண்டை ஊசி வளைவில் பைக் விழுந்து, எக்ஸ்ட்ராடியூரல் ரத்தக்கட்டோடு (மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே) ஒருவர் வந்து, கண்மணி விரியத் தொடங்கினால், கோவை போய்ச் சேருவதற்குள் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அங்கே 10-0 நூல் உதவாது. மண்டையோட்டில் துளையிடும் பர் ஹோல்தான் உதவும்.

ஆரம்பத்துக்குத் தேங்காய். மட்டை உரிக்காத முற்றிய காய். மட்டையைக் கீறிப் புரட்டுவது தலைத்தோல், ஓடு எலும்பு, உள்ளே பருப்பு டியூரா, அதாவது மூளையின் வெளியுறை. காயை மணல் மூட்டையில் பதித்து அசையாமல் வையுங்கள். கையால் சுழற்றித் துளைக்கும் ஹட்சன் பிரேஸில் முதலில் பெர்ஃபொரேட்டர் அலகு. ஓட்டுக்கு நேர் செங்குத்தாக, சாயாமல். உள்ஓடு விடும் நொடியில் அலகு லேசாக மாட்டிக்கொண்டு தடுமாறுவது கையில் தெரியும், அங்கே நிறுத்த வேண்டும். பிறகு பர் அலகை மாற்றி அகலப்படுத்துங்கள். பருப்பில் கீறல் விழுந்தால் அந்தக் காய் தோல்வி. தேங்காய் ஓடு மண்டையோட்டைவிட நொறுங்கும் தன்மை உள்ளது, பருப்பும் ஓட்டோடு ஒட்டியிருக்கும். அதனால் டியூராவைப் பிரித்து கிக்லி ரம்பத்தின் (கம்பி ரம்பம்) கைடை நுழைக்கும் வேலையை இதில் கற்க முடியாது.

அதற்கு ஆட்டுத்தலை. கறிக்கடையில் வாட்டி, இரண்டாகப் பிளந்துதான் தருவார்கள். வாட்டாமல், பிளக்காமல் கேளுங்கள். வாட்டியதில் சூடு உள்ளேயும் போய்த் திசுவின் தன்மை மாறிவிடும். ஆட்டுக்கு நெற்றியில் பெரிய சைனஸ் உண்டு. அங்கே துளைத்தால் முதல் ஓடு விட்டதும் காற்றறைதான் வரும், மூளையை எட்டிவிட்டதாக ஏமாறுவீர்கள். பின்னால் பக்கவாட்டு எலும்பைத் தேர்ந்தெடுங்கள். டியூராவைத் திறந்த பிறகு 4-0 அல்லது 5-0 நூலால் நீர் கசியாமல் தைத்து மூடிப் பாருங்கள், சலைனைப் பீய்ச்சினால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியும்.

மோட்டார் டிரில் இருந்தால் முட்டை. பச்சை முட்டையைக் கிண்ணத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பாதி பதித்து, 3 அல்லது 4 மி.மீ. டைமண்ட் பர்ரால் பக்கவாட்டில் ஒரு செ.மீ. ஜன்னல் எடுங்கள். சவ்வு முழுசாக நிற்க வேண்டும். மொட்டை முனையில் எடுக்காதீர்கள். அங்கே காற்றறை இருப்பதால் சவ்வுகள் இரண்டாகப் பிரிந்து நிற்கும், சோதனை எளிதாகிவிடும். பர்ரின் நுனியால் குத்தாமல் பக்கத்தால் தேயுங்கள். சலைன் சொட்டிக்கொண்டே இருக்கட்டும்: 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்புத் திசு சேதமாகும் என்பது 1983-லேயே நிறுவப்பட்ட விஷயம். பக்கத்தில் நரம்பு இருந்தால் அதன் கதி இன்னும் மோசம். மாஸ்க், கண்ணாடி இல்லாமல் டிரில் வேண்டாம்.

கேத்திச்சாரல் (குன்னூர், நியூரோசர்ஜன்)

அவசரத்துக்கு பர் ஹோல் முதலில் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. இந்த மூவரும் மலையில் இருக்கும்வரை அதுதான் உயிர் காக்கும். ஆனால் துளையிடும் கை சில அமர்வுகளில் வந்துவிடும், மைக்ரோ கை வர மாதங்கள் ஆகும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் மைக்ரோ தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். ஒரே வாரத்தில் இரண்டும் இருக்கட்டும்.

இறக்கக்காற்று (மேட்டுப்பாளையம், நியூரோசர்ஜன்)

சரி, ஏற்கிறேன். ஒரு நிபந்தனை: ஆட்டோமேட்டிக் பெர்ஃபொரேட்டர் கிடைத்தாலும் ஹட்சன் பிரேஸைக் கைவிடக் கூடாது. கிளட்ச் தானாக நிற்பது எதிரே எலும்பு தடுக்கிறவரை சுழன்று, தடை போனதும் விடுவதால். சாய்த்துப் பிடித்தாலோ, நடுவில் தூக்கி மறுபடி அழுத்தினாலோ, எலும்பு மிக மெல்லியதாக இருந்தாலோ நிற்காமல் உள்ளே போகும். கைப்பிரேஸில் பழகிய கைக்கு அந்த நொடி முன்கூட்டியே தெரியும்.

கொடைவாசி (கொடைக்கானல், பயோமெடிக்கல் இன்ஜினியர்)

எங்கள் மலையில் கிடைக்கும் இரண்டு பொருளைச் சொல்லாமல் விட முடியாது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்து கமலா ஆரஞ்சு. தோலை உரித்து, இரண்டு சுளைக்கு நடுவே உள்ள சவ்வை மைக்ரோஸ்கோப்பின் கீழ் பிரிப்பது மூளையின் பக்கவாட்டில் உள்ள சில்வியன் பிளவைத் திறக்கும் பயிற்சிக்கு ஏற்றது. சவ்வு அரக்னாய்டு (மூளையின் நடு உறை), சுளையின் தோல் பயா (மூளையை ஒட்டிய உள்ளுறை). சாறு ஒரு துளி கசிந்தாலும் பயா கிழிந்துவிட்டது என்று அர்த்தம். நன்றாகப் பழுத்ததில் சுளைகள் தாமே விலகும், சற்றுக் காயாக இருப்பதே கஷ்டமான பாடம். ஃபோர்செப்ஸை விரித்துக் கிழிக்காமல், இழையை லேசாக விறைப்பாக்கிக் கத்தரியால் வெட்டிப் போங்கள்.

இன்னொன்று குடைமிளகாய். பசுமைக்குடிலில் விளைந்த, தடித்த சுவருள்ளது. காம்புப் பக்கத்தில் சின்னத் துளை போட்டு எண்டோஸ்கோப்பை நுழைத்தால் உள்ளே வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் நீர் நிறைந்த அறை) மாதிரி வெற்றிடம், தடுப்புச் சவ்வுகள், விதைகள். சுவரைத் தொடாமல் ஒரு விதையைக் கிள்ளி எடுப்பது, தடுப்பில் துளையிட்டு அடுத்த அறைக்குள் போவது, இரண்டும் நியூரோ எண்டோஸ்கோப்பிக்கு நேரடியாக உதவும். தண்ணீர் நிரப்பிச் செய்தால் குமிழி வந்து பார்வை மறைப்பதையும் சமாளிக்கப் பழகலாம். வெளியே எடுக்கும்போது விதை நழுவி விழுவதுதான் வழக்கமான பிரச்சினை: விதையைப் பிடித்ததும் ஸ்கோப்போடு சேர்த்து வெளியே வாருங்கள், தனியாக இழுக்காதீர்கள்.

உதகைப்பனி (ஊட்டி)

மூளைத்திசு, கட்டி எடுப்பது, சக்‌ஷன் பிடிப்பது இதற்கு என்ன செய்வது? அகர் பண்ணிப் பார்த்தோம், கட்டி கட்டியாக வந்தது. ஜெலட்டினா, அகரா எது சரி?

கொடைவாசி (கொடைக்கானல், பயோமெடிக்கல் இன்ஜினியர்)

கட்டி தட்டியதற்குக் காரணம் உங்கள் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே தண்ணீர் 100-இல் கொதிப்பதில்லை, சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அகர் முழுசாகக் கரைய அந்தச் சூடு விளிம்பில்தான் இருக்கிறது. கொதி வந்ததும் இறக்கினால் பாதி கரையாமல் நிற்கும். முதலில் குளிர்ந்த தண்ணீரில் கால்மணி நேரம் ஊற விட்டு, பிறகு பிரஷர் குக்கருக்குள் மூடிய பாத்திரத்தில் வைத்து இரண்டு விசில் விடுங்கள், கண்ணாடி போல வரும்.

மூளைக்கு 0.6 சதவீத அகரோஸ் (சுத்திகரித்த அகர்), அதாவது 500 மி.லி. தண்ணீருக்கு 3 கிராம். மூளைத்திசுவுக்கு ஆய்வகங்களில் நெடுங்காலமாகப் புழங்கும் அளவு இது. கடையில் வாங்கும் கடல்பாசியின் (சாதாரண அகர்) வலு பிராண்டுக்குப் பிராண்டு மாறும், ஒரு கிண்ணம் போட்டுப் பார்த்து அளவைத் திருத்துங்கள். கட்டிக்கு 2 சதவீதம். முதலில் கட்டியைச் சின்ன உருண்டையாக இறுக விட்டு, மூளைக் கலவை 45 டிகிரி வாக்கில் ஆறியதும் அதற்குள் அமிழ்த்துங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உருண்டையின் மேற்பரப்பு உருகி எல்லை அழிந்துவிடும். ஃபுட் கலர் போட்டால் சில மணி நேரத்தில் சுற்றிலும் பரவும். கரையாத சாக்பீஸ் பவுடரைக் கலந்தால் கட்டி வெள்ளையாக, எல்லையோடு நிற்கும். ஜெலட்டின் வெயில் ஊரில் இளகும், நம் ஊரில் நன்றாகவே நிற்கும், ஆனால் ஒட்டும் தன்மை அதிகம்.

சக்‌ஷனில் கைப்பிடியில் உள்ள துளையைக் கட்டைவிரலால் முழுக்க மூடினால் அகர் மூளை அப்படியே குழாய்க்குள் போய்விடும். துளையைப் பாதி திறந்து, கட்டிக்கு மட்டும் மூடி, ஓரம் வந்ததும் திறக்க வேண்டும். உண்மையான மூளையிலும் அதே கட்டைவிரல்தான் வேலை செய்யும்.

இறக்கக்காற்று (மேட்டுப்பாளையம், நியூரோசர்ஜன்)

விர்ச்சுவல் ரியாலிட்டி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் உருவாக்கிய நியூரோடச், பிற்பாடு நியூரோவிஆர் என்று பெயர் மாறியது, இதில் முக்கியமானது. இரண்டு கைக்கும் திரும்ப அழுத்தம் தரும் பிடிகள், திரையில் மெனிஞ்சியோமா (மூளையுறைக் கட்டி). எவ்வளவு விசை கொடுத்தீர்கள், எவ்வளவு ரத்தம் போனது, கட்டியில் எவ்வளவு எடுத்தீர்கள், நல்ல திசுவில் எவ்வளவு போனது என்று எல்லாவற்றையும் எண்ணிக் கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத விசையை எண்ணாகக் காட்டுவது கோழி இறக்கையால் முடியாத வேலை. ஆனால் 10-0 முடிச்சை இந்த இயந்திரங்கள் நம்பும்படி காட்டுவதில்லை. கட்டி எடுப்பதில் இரண்டு கையையும் ஒருங்கிணைக்க அது நல்லது, தையலுக்கு இறக்கை. பெரிய மையத்தில் கிடைக்கும்போது போய்ப் பழகுங்கள், இல்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

கேத்திச்சாரல் (குன்னூர், நியூரோசர்ஜன்)

இவ்வளவு நேரம் பொருளைப் பேசினோம். இந்த இழையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இனித்தான். தைத்து முடித்ததும் கசிவு பார்த்துவிட்டு இறக்கையைத் தூக்கிப் போடுபவர்கள் தேற மாட்டார்கள். கசியாத தையலிலும் பின்சுவர் சேர்ந்து தைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு நாளத்தையும் நீளவாக்கில் வெட்டித் திறந்து, விரித்து, உட்புறத்தை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். இதற்கு அனஸ்டமோசிஸ் லேப்ஸ் இண்டெக்ஸ் என்று பத்துத் தவறுகளின் கணக்கு ஒன்று உண்டு: இணைப்புக் கோடு பிறழ்ந்திருப்பது, பின்சுவரைச் சேர்த்துத் தைத்தது, சாய்ந்த தையல், திசு உள்ளே மடியும்படி எடுத்த பைட், முழுத் தடிமனையும் பிடிக்காத தையல், சமமில்லாத இடைவெளி, சுவரில் கிழிசல், விளிம்பை நெரித்த முடிச்சு, உள்துளைக்குள் கிடக்கும் நூல், விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. ஒவ்வொன்றையும் எண்ணி நோட்டில் எழுதி, பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். தவறு குறைகிறதா என்று முதலில் பாருங்கள், நேரம் தானாகக் குறையும். வேகத்தைத் துரத்துபவர்களின் நோட்டில் கிழிசலும் நெரிப்பும் கூடிக்கொண்டே போகும்.

ஒருவர் தைத்ததை இன்னொருவர் திறந்து மதிப்பிடட்டும். யாருடையது என்று தெரியாமல் எண்ணை மட்டும் எழுதி வைத்தால் தயவு தாட்சண்யம் இருக்காது. கைத்திறனை மொத்தமாக மதிப்பிட டொரண்டோவில் 1990-களில் வந்த ஓசாட்ஸ் அட்டவணை உண்டு: ஏழு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. மைக்ரோஸ்கோப்பில் மொபைலை மாட்டி எடுத்த வீடியோவைப் பார்த்து நிரப்பலாம்.

இன்னொன்று, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் காலை முதல் இரவு வரை தைக்காதீர்கள். 2006-இல் டொரண்டோவில் 38 ஜூனியர் ரெசிடென்ட்களை இரண்டாகப் பிரித்து, அதே நான்கு மைக்ரோவாஸ்குலர் அமர்வுகளை ஒரு குழுவுக்கு ஒரே நாளிலும் மற்றதற்கு வாரம் ஒன்றாகவும் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து உயிருள்ள எலியில் தைக்க வைத்தபோது வாரம் ஒன்றாகப் பழகியவர்களே மேல். டியூட்டி டாக்டர்களுக்கு இதுவே வசதியும்கூட: வாரம் இரண்டு மாலை, ஒன்றரை மணி நேரம்.

உதகைப்பனி (ஊட்டி)

மிக்க நன்றி சார். எண்ட்-டு-எண்ட் (முனையோடு முனை) தையல் நிலைத்ததும் எண்ட்-டு-சைடு (முனையை இன்னொரு நாளத்தின் பக்கவாட்டில் இணைப்பது) எப்படி? எலி லேப் அவசியமா?

கேத்திச்சாரல் (குன்னூர், நியூரோசர்ஜன்)

எலிக்கு, விலங்குப் பரிசோதனையைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவான சி.சி.எஸ்.இ.ஏ.வில் பதிவு பெற்ற விலங்குக் கூடம், நெறிமுறைக் குழு அனுமதி, மயக்க மருந்து தெரிந்தவர் எல்லாம் வேண்டும். தனி அறையில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். ரத்தம் உறைவது, நாளம் சுருங்குவது இரண்டையும் அது மட்டுமே கற்றுத்தரும் என்பது உண்மை. எம்.சி.எச்.சில் சேர்ந்த பிறகு அங்கே வாய்ப்புக் கேளுங்கள். கோழியில் கை ஊன்றிவிட்டுப் போனால் எலி வீணாகாது.

எண்ட்-டு-சைடு என்பது நெற்றிப்பொட்டுத் தமனியை மூளைத் தமனியோடு இணைக்கும் பைபாஸின் அடிப்படை. நியூரோசர்ஜன் யாசர்கில், அமெரிக்காவின் வெர்மான்டில் டோனகி என்ற நியூரோசர்ஜனின் லேபில் விலங்குகளில் பழகிவிட்டு, 1967-இல் ஜூரிச்சில் முதல் நோயாளிக்குச் செய்தது இதைத்தான். இரண்டு இறக்கை எடுத்து, ஒன்றின் தமனியைத் தானமாக வெட்டிக்கொள்ளுங்கள். முனையைச் சாய்வாக வெட்டி, குதிகால் பக்கம் ஒரு சின்னக் கீறல் போட்டு மீன்வாய் போல விரியுங்கள். பெறும் நாளத்தில் திறப்பின் நீளம் அதன் விட்டத்தைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு, தானத்தின் வாயும் அதே நீளம். இந்த இரண்டு நீளமும் பொருந்தாவிட்டால் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் மடிப்பு விழும். அதனால் தானத்தை முதலில் வெட்டி, அதைப் பக்கத்தில் வைத்து அளந்து திறப்பைப் போடுங்கள். விளிம்பில் மெத்திலீன் ப்ளூ தொட்டுவைத்தால் வெளிறிய சுவரில் உள்துளை தெளிவாகத் தெரியும்.

குதிகாலில் ஒன்று, நுனியில் ஒன்று. பிறகு கைக்குச் சிரமமான பக்கத்தை முதலில் தைத்து முடியுங்கள், 4 அல்லது 5 தையல். மறுபக்கத்தை மூடுமுன் அந்த ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, தைத்த பக்கத்தில் நூலோ பின்சுவரோ மாட்டியிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். இந்த ஒரு பார்வையைத் தவறவிட்டால் பிறகு வழியே கிடையாது. உண்மையான நோயாளிக்கு கிளிப் போட்ட நேரம் 20 முதல் 30 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், அதை மனதில் வைத்துக் கடிகாரத்தை ஓட விடுங்கள்.

மேசைமேல் சரியாக வந்ததும் ஆழத்துக்குப் போங்கள். அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் கப், 5 செ.மீ. உயரம், 4 செ.மீ. வாய், அதை நாளத்தின்மேல் கவிழ்த்து ஒட்டி அதற்குள் தையுங்கள். நேரான கருவிகளைப் பிடித்தால் கை நடுவே வந்து பார்வையை மறைக்கும், அங்கே பேயனெட் (நடுவில் படிபோல வளைந்த) கருவிகள் வேண்டும். மணிக்கட்டு ஊன்ற இடம் கப்பின் விளிம்புக்கு உயரும் என்பதால் துண்டையும் அந்த அளவுக்கு உயர்த்துங்கள். முதலில் தவறுகளின் எண்ணிக்கை மறுபடி ஏறும். ஏறியதைச் சரியாக எழுதி வையுங்கள்.

மரக்காணி (கோத்தகிரி, அறுவை அரங்கு டெக்னீஷியன்)

கடைசியா செலவு விஷயம் ஒண்ணு டாக்டர். தேதி முடிஞ்ச 8-0, 9-0 நூலைக் கண் அறுவை அரங்குல கேட்டு வாங்குங்க, பயிற்சிக்குத் தாராளமாப் போதும். நோயாளிக்கு வெச்சிருக்கிறதோட கலந்துராம டப்பா மேல "பயிற்சிக்கு மட்டும்" ன்னு சிவப்பு மையில பெரிசா எழுதி, அரங்குக்கு வெளியிலயே வையுங்க. கருவியைச் சலைன்லயே விட்டா ஒரே ராத்திரியில துரு ஏறும். டிஸ்டில்டு வாட்டர்ல கழுவி, நுனியில சின்ன ரப்பர் டியூப் மாட்டி, காய்ஞ்சதும் அந்த சிலிக்கா ஜெல் பெட்டியிலயே போட்டுருங்க. நுனி வளைஞ்ச 5-ஆம் நம்பர் ஃபோர்செப்ஸை நீங்களே நிமிர்த்தப் பார்க்காதீங்க, 20 மடங்குல ரெண்டு நுனியும் சேரலைன்னா அது கையுறைப் பயிற்சிக்குத்தான் ஆகும்.